எந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பீர்கள்?

சுவரில் துளை போடுவதற்கு முன்னால் வீட்டுக்காரரிடம் மூன்று கேள்வி கேட்பது என் வழக்கம். எந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பீர்கள்? சாயங்கால வெயில் எந்தச் சுவரில் விழும்? சாமி விளக்கு எங்கே ஏற்றுவீர்கள்? ஏர்கோன் மாட்ட வந்தவன் ஜாதகம் பார்க்க வந்தவனைப் போலக் கேட்கிறானே என்று சிலர் சிரிப்பார்கள். கிள்ளானில் ஓர் அக்கா நேராகவே சொல்லிவிட்டார்: “தம்பி, ஒன் ஹெச்.பி.க்கு எவ்வளவு, அத மட்டும் சொல்லுங்க. வாஸ்து நாங்க பாத்துக்குறோம்.”

மூன்று கேள்வியும் ஒரே பொருளுக்காகத்தான். ஏர்கோன் பெட்டியின் முகப்பைத் தூக்கி, ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலான பெட்டிகளில் வலது ஓரமாக, காற்றைக் குளிர்விக்கும் கொயிலுக்குச் சற்று முன்னால், ஒரு பிளாஸ்டிக் கிளிப்பில் மாட்டி இரண்டு மெல்லிய வயர் தொங்கும். அந்த வயர்களின் நுனியில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்பு மணி. நாங்கள் சென்சர் என்போம். அறைக்குத் தெர்மோஸ்டாட் அதுதான். ரிமோட்டில் நீங்கள் 24 என்று அழுத்தினால், அறை முழுக்க 24 ஆகட்டும் என்று மெஷினுக்குக் கேட்பதில்லை. அந்த மிளகு 24 ஆகட்டும் என்றுதான் கேட்கிறது. மிளகுக்குக் குளிர்ந்துவிட்டால் மெஷின் வேலையைக் குறைத்துக்கொள்ளும். கட்டிலில் நீங்கள் வேர்த்துக்கொண்டு கிடந்தாலும் அதற்குத் தெரியாது.

குளிர்நாட்டு வீடுகளில் தெர்மோஸ்டாட் என்றால் கூடத்துச் சுவரில் தனியாக ஒரு வட்டமோ சதுரமோ இருக்கும். எங்கே மாட்டுவது என்று வீட்டுக்காரர் யோசிப்பார். நம் ஊர் தாமான் வீடுகளில் அந்த யோசனைக்கே இடமில்லை, அது பெட்டிக்குள்ளேயே வந்துவிடுகிறது. அதனால்தான் ஏர்கோன் பெட்டியை எங்கே மாட்டுகிறோமோ அங்கேதான் தெர்மோஸ்டாட்டையும் மாட்டுகிறோம். பாதி பேருக்கு, ஏன், என் தொழிலிலேயே பாதி பேருக்கு, இது நினைவில் இருப்பதில்லை. பைப் எங்கே குறைவாகச் செலவாகும், வெளிப்பெட்டி எங்கே உட்காரும் என்று மட்டும் பார்த்துத் துளை போட்டுவிடுகிறார்கள்.

நான் கற்றுக்கொண்டது ஜன்னல் பெட்டிக் காலத்தில். 1986இல், பதினேழு வயதில், காப்பார் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்து கிள்ளானில் ஓர் ஏர்கோன் கடையில் சேர்ந்தேன். எங்கள் லயத்தில் மேசை ஃபேன் வைத்திருந்த வீடே வசதியான வீடு. கடையின் தவுக்கே சீனர். நாங்கள் பேசும் தமிழ் எல்லாம் அவருக்குப் புரியும், பதில் மட்டும் மலாயில் வரும். ஜன்னல் பெட்டியின் முகப்பில் இரண்டு குமிழ்கள். ஒன்று காற்றுக்கு. இன்னொன்றில் டிகிரி எல்லாம் கிடையாது, 1, 2, 3 என்று எண்கள்தான். அந்தக் குமிழுக்குப் பின்னால் அசல் தெர்மோஸ்டாட் இருக்கும். அதிலிருந்து ஈர்க்குச்சி தடிமனில் ஒரு செம்புக் குழல் நீண்டு வந்து கொயிலுக்கு முன்னால் முடியும். குழலுக்குள் அடைத்து வைத்திருக்கும் வாயு சூட்டுக்கு விரியும், குளிருக்குச் சுருங்கும். விரிந்தால் உள்ளே ஒரு தகட்டைத் தள்ளி கம்ப்ரசரை ஓட்டும். சுருங்கினால் ‘டிக்’ என்று நிறுத்தும். கரண்டே தேவைப்படாத மூளை.

அந்தக் குழலின் நுனி கொயிலைத் தொடக்கூடாது. அறையிலிருந்து திரும்பி வரும் காற்றைத்தான் அது தொட வேண்டும். சர்வீஸ் முடித்து முகப்பை மூடுவதற்கு முன் தவுக்கே வருவார், தன் சுண்டுவிரலை நுனிக்கும் கொயிலுக்கும் நடுவில் விட்டுப் பார்ப்பார். விரல் போனால் தலையை ஆட்டிவிட்டுப் போவார். போகாவிட்டால் “ஜாங்கான் செந்து!” என்று ஓர் அதட்டல். தொடாதே. எனக்கா, குழலுக்கா என்று முதல் ஒரு மாதம் புரியவில்லை.

பிறகு ஸ்பிளிட் வந்தது, ரிமோட் வந்தது, செம்புக் குழல் போய் மிளகு வந்தது. மெஷின்களுக்கும் நாம் வெளிநாட்டை நம்பி இருக்கவில்லை. ஜப்பானின் மட்சுஷிதா நிறுவனத்தின் ஏர்கோன் தொழிற்சாலை ஷா ஆலமில் எழுபதுகளிலேயே வந்துவிட்டது. சுங்கை பூலோவில் இருந்த ஓ.ஒய்.எல். ஏர்கோன் நிறுவனத்தை 2006இல் ஜப்பானின் டைகின் வாங்கியது. உலகின் எத்தனையோ வீடுகளில் ஓடும் பெட்டிகள் இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து கப்பல் ஏறியவை. இவ்வளவு நடந்தும் சுண்டுவிரல் விதி மட்டும் மாறவே இல்லை.

பிரிக்பீல்ட்ஸில், ஜாலான் துன் சம்பந்தனுக்குப் பின்புறம் ஓர் அடுக்குமாடி வீடு. ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் தனியாக இருந்தார். “பத்து நிமிஷம் நல்லா ஓடுது தம்பி. அப்புறம் வெறும் காத்துதான். மூணு தடவ கேஸ் போட்டாச்சு” என்றார். மூன்று முறையும் வேறு வேறு ஆட்கள், மூன்று முறையும் காசு. நான் கேஜ் மாட்டுவதற்கு முன்னால் முகப்பைத் தூக்கினேன். கிளிப் உடைந்து, சென்சர் கொயில் மேலேயே படுத்துக் கிடந்தது. எப்போதோ கெமிக்கல் வாஷ் செய்தபோது உடைந்திருக்க வேண்டும். அறை 30இல் இருக்க, பனிபோலக் குளிர்ந்த கொயில் மேல் கிடக்கும் மணி, ‘குளிர்ந்துவிட்டது, போதும்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. மெஷினும் சொன்னபடி கேட்டது. யார் மேலே தப்பு?

ஒரு கேபிள் டையை வளைத்து, கிளிப் இருந்த இடத்தில் கால் போலக் கட்டி, மணியைக் காற்றில் நிறுத்தினேன். சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன். அந்த வேலைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று பேரும் திணித்துவிட்டுப் போன கேஸை வெளியே எடுத்து, பெட்டியின் தகட்டில் எழுதியிருக்கும் எடைக்குத் தராசு வைத்து நிரப்புவதற்குத்தான் பாதி நாள் போனது. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏர்கோன் கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருகிறது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். ஓட்டையைத் தேடாமல் வருடா வருடம் டாப் அப் செய்கிறவர் உங்களிடம் சந்தா வாங்குகிறார்.

சென்சர் சரியான இடத்தில் இருந்தும் பொய் சொல்வதுண்டு. அதைச் சோதிக்க மல்டிமீட்டரும் ஒரு கிளாஸ் ஐஸ் தண்ணீரும் போதும். இந்த மணிக்கு ஒரு குணம்: சூடு ஏற ஏற மின்தடை குறையும். 10 கிலோ ஓம் வகை என்றால், 25 டிகிரியில் மீட்டர் 10 காட்ட வேண்டும்; 30 டிகிரி அறையில் 8ஐ ஒட்டி இறங்கும். ஐஸ் தண்ணீரில் விட்டால் 30ஐ ஒட்டி ஏறும். கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும், 15உம் உண்டு, 20உம் உண்டு. ஆனால் ஏறி இறங்கும் விதம் ஒன்றுதான். நான் முதலில் செய்வது இன்னும் எளிது. மணியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு மீட்டரைப் பார்ப்பேன். உடம்புச் சூட்டுக்கு எண் மெல்ல, தடுமாறாமல் இறங்க வேண்டும். தாவித் தாவி இறங்கினால் மணிக்கு ஆயுள் முடிந்தது.

மணி நன்றாக இருந்து, பிளக் துருப்பிடித்திருந்தால் வேறு கூத்து. துரு தன் பங்குக்குக் கொஞ்சம் மின்தடையைச் சேர்த்துவிடும். தடை கூடினால் மெஷினுக்கு ‘குளிர்’ என்று அர்த்தம். ஆகவே அறை குளிர்வதற்கு முன்பே நின்றுவிடும். கிள்ளான், போர்ட் கிள்ளான் பக்கம் கடல் காற்றில் இதை அடிக்கடி பார்க்கிறேன். எறும்பு, பல்லி கதை தனி. சர்க்யூட் போர்டுக்குள் கருகிக் கிடக்கும் பல்லியை எடுத்துக் காட்டாமல் போனால் வீட்டுக்காரர் பில்லை நம்பமாட்டார்.

சரி, மாட்டும் இடத்துக்கு வருவோம்.

பத்துப் பதினைந்து வருடமாக நம் வீடுகளைப் பிடித்திருக்கும் மோகம் பிளாஸ்டர் சீலிங். கூரை ஓரத்தில் எல்-பாக்ஸ் வைத்து, அதற்குள் மஞ்சள் விளக்கு ஒளித்து, ஏர்கோனையும் அந்தப் பள்ளத்துக்குள் தூக்கி வைத்துவிடுகிறார்கள். பார்க்க ஹோட்டல் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் பழைய பெட்டிகள் முகப்பு வழியாகக் காற்றை இழுத்தன. இன்றைய வழவழப்பான முகப்புள்ள பெட்டிகள் தலைக்கு மேலிருந்து இழுக்கின்றன. தலைக்கும் சீலிங்குக்கும் நடுவில் இரண்டு விரல் இடம் விட்டால் என்ன ஆகும்? அறையின் சூடான காற்று அங்கே வந்து சேர வழியில்லை. பெட்டி ஊதிய குளிர்ந்த காற்றே பாக்ஸின் உதட்டில் முட்டி, மேலே திரும்பி, நேராக மிளகின் மீது போய் விழும். மிளகுக்கு 22. மூன்றடி தள்ளி நிற்கும் உங்களுக்கு 29. கையேட்டில் எத்தனை சென்டிமீட்டர் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதில் உள்ளதற்குக் குறையாமல், என் அளவு ஒன்று உண்டு: விரித்த உள்ளங்கை, கட்டைவிரலும் சேர்த்து, தாராளமாக உள்ளே போய் வர வேண்டும். பக்கவாட்டிலும் திரைச்சீலைக் கம்பி இடிக்கக் கூடாது. கான்ட்ராக்டர்களோடு எனக்கு நடக்கும் சண்டை எல்லாம் இந்த உள்ளங்கைக்காகத்தான்.

சாமி விளக்குக் கேள்விக்கு ஒரு காரணம் இருக்கிறது. கிள்ளானில் ஒரு தாமான் வீடு. கூடத்துச் சுவரில் சாமி மேடை. அதே சுவருக்கு வெளியே பின்கட்டு, பைப் மூன்றடியில் முடிந்துவிடும். இளம் வயது, வேலை சீக்கிரம் முடியட்டும் என்று மேடைக்கு நேர் மேலே பெட்டியை மாட்டிவிட்டு வந்தேன். ஒரு வாரத்தில் போன். ஏர்கோன் நிற்கவே இல்லை, ஓடிக்கொண்டே இருக்கிறது, கூடம் ஐஸ்பெட்டி ஆகிவிட்டது என்று. போய்ப் பார்த்தால் இரண்டு எண்ணெய் விளக்கு, நாள் முழுக்க அணையா விளக்கு. அதன் சூடு நேராக மேலே ஏறி, பெட்டியின் தலை வழியாக மணியைத் தொடுகிறது. மெஷினைப் பொறுத்தவரை வீடு எரிந்துகொண்டிருக்கிறது. ஃபில்டரில் ஒரு வாரத்திலேயே சாம்பிராணிக் கரி. விளக்குச் சுடரும் காற்றில் ஆடி ஆடி அணைய, அந்த வீட்டுப் பாட்டிக்கு என் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. “சாமி தலை மேல பெட்டிய மாட்டிட்டு, சாமி வெளக்கயும் அணைக்கிறியா?” பெட்டியை என் சொந்தச் செலவில் எதிர்ச்சுவருக்கு மாற்றினேன். பன்னிரண்டடி பைப், பழைய துளையை அடைத்து வெள்ளை அடித்தது வேறு.

மேற்கு வெயில் கேள்வி எல்லாருக்கும் புரியும். செங்கல் சுவர் மாலை நான்கு மணிக்குக் குடித்த சூட்டை இரவு எட்டு, ஒன்பது வரை உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். அந்தச் சுவரில் பெட்டி மாட்டினால் முன்னிரவு முழுக்க அது சுவரோடு மல்லுக்கட்டும். சுவரோடு ஒட்டிய தெர்மோஸ்டாட் என்றால் இன்னும் மோசம், அது அறையை விட்டுவிட்டுச் சுவரின் சூட்டைப் படிக்கும்.

தலை வைக்கும் பக்கம் ஏன்? நாம் வடக்கே தலை வைக்கமாட்டோம். கிழக்கோ தெற்கோ, இல்லாவிட்டால் மேற்கோ. அதனால் கட்டிலின் இடம் நான் போவதற்கு முன்பே முடிவாகியிருக்கும். நான் அதைச் சுற்றித்தான் யோசிக்க வேண்டும். குளிர்ந்த காற்று நேராக முகத்தில் விழுந்தால் இரவு ஒரு மணிக்கு எழுந்து 28 வைப்பார்கள், மூன்று மணிக்கு வேர்த்து எழுந்து 18 வைப்பார்கள். காற்று கால்பக்கமாகப் போய், சுவரில் இறங்கி, அறையைச் சுற்றி, மெதுவாகப் பெட்டிக்குத் திரும்ப வேண்டும். அப்போதுதான் மணியும் நீங்களும் ஒரே அறையில் இருப்பீர்கள். இன்னொன்று: அந்தக் கறுப்பு மணி தரையிலிருந்து ஏழு, ஏழரை அடி உயரத்தில் இருக்கிறது, கட்டில் இரண்டடி. தோத்தோ விரித்துத் தரையில் படுக்கும் தாத்தாவுக்கு அரையடி. சூடு மேலே தங்கும், குளிர் கீழே இறங்கும். இதை அறிந்துதான் பல கம்பெனிகள் போர்டிலேயே ஒரு கழித்தலைப் போட்டு வைத்திருக்கின்றன: மேலே இவ்வளவு என்றால் கீழே ஓரிரண்டு டிகிரி குறைவாக இருக்கும் என்று. எத்தனை கழிப்பது என்பதில் கம்பெனிக்கு ஒரு கணக்கு. ஆகவே அண்ணன் வீட்டு 24உம் தம்பி வீட்டு 24உம் ஒன்றல்ல. ‘எங்க வீட்ல 24 வச்சாலே நடுங்குது, உங்க வீட்ல 20 வச்சும் ஒண்ணுமில்ல’ என்று உறவுகளுக்குள் நடக்கும் ஒப்பீடெல்லாம் வீண்.

2011இல் அரசாங்க அலுவலகங்களில் ஏர்கோனை 24க்குக் கீழே வைக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. எம்.எஸ். 1525 என்ற மலேசியத் தரவிதியும் கட்டடங்களுக்கு 24 முதல் 26 வரைதான் சொல்கிறது. நல்ல விதிகள், எனக்கு மறுப்பில்லை. எண்ணைக் கட்டுப்படுத்தும் விதி, எண்ணைச் சொல்லும் மணி எங்கே இருக்கிறது என்று கேட்பதில்லை, அவ்வளவுதான். ஓர் அலுவலகத்தில் சுவர் தெர்மோஸ்டாட்டை ஃபோட்டோஸ்டாட் மெஷினுக்கு அரையடி மேலே மாட்டியிருந்தார்கள். எண் ஒழுங்காக 24 காட்டியது. குமாஸ்தாப் பெண்கள் எல்லாரும் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள்.

சுவர் தெர்மோஸ்டாட் என்று சொல்லிவிட்டேன். அலுவலகம், கிளினிக், டியூஷன் சென்டர், கல்யாண மண்டபம், சீலிங்குக்கு மேலே டக்ட் ஓடும் பங்களா, இங்கெல்லாம் அது உண்டு. இதன் பூர்வீகம் குளிர்நாடு. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் வாரன் ஜான்சன் என்ற கல்லூரி ஆசிரியர், வகுப்பறை சூடா குளிரா என்று வேலையாள் அடிக்கடி உள்ளே வந்து பார்த்துப் பாடத்தைக் கலைப்பது பொறுக்காமல், மின்சாரத் தெர்மோஸ்டாட் ஒன்றைச் செய்து 1883இல் காப்புரிமை வாங்கினார். நம்மிடம் அந்தத் தேவையே எழவில்லை. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே தொழிலாளர்களுக்காக 1905இல் கட்டிய ஹன்ட்ரட் குவாட்டர்ஸ் வரிசை வீடுகளில் காற்று வந்து போவதற்குத்தான் வழி வைத்தார்கள், மூடிக் குளிர்விப்பதற்கு அல்ல. அந்த வீடுகளும் இப்போது இல்லை. இருந்த பக்கமெல்லாம் கண்ணாடிக் கோபுரங்கள், ஜன்னலைத் திறக்க முடியாதவை.

சுவர் தெர்மோஸ்டாட்டுக்கான விதிகள் எங்கும் ஒன்றுதான்: தரையிலிருந்து ஐந்தடி உயரம், வெயில் படாத உள்சுவர், காற்று வரும் கிரில்லுக்கு நேரே வேண்டாம், கதவுக்குப் பின்னால் வேண்டாம், டிவி, ஃபிரிஜ், அடுப்பு பக்கம் வேண்டாம். கதவுக்குப் பின்னால் எந்த மடையன் மாட்டுவான் என்று கேட்காதீர்கள். மாட்டும்போது கதவு மூடியிருக்கும்; திறந்து வைக்கும் நாளில்தான் கதவு அதன் மேல் போய்ச் சாயும்.

ஆனால் எந்தக் கையேட்டிலும் ஓரமாக ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிற ஒரு விஷயம் இருக்கிறது. அதை நம் ஊர்க் கூரை பெரிதாக்கிவிடுகிறது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மேல்மாடி, டியூஷன் சென்டர். பிள்ளைகள் நடுங்குகிறார்கள். சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட் 29 காட்டுகிறது. என் கையில் இருந்த தெர்மாமீட்டர், அதற்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தால், 21. இடம் பழுதில்லை, ஐந்தடி, உள்சுவர், வெயில் இல்லை, கிரில் தூரம். தெர்மோஸ்டாட்டை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள், புதியதும் 29. நான் மெயினை அடைத்துவிட்டு முகத்தகட்டைக் கழற்றினேன். பின்னால் வயர் வரும் பி.வி.சி. கான்டுயிட் குழாய், வாயைத் திறந்துகொண்டு இருந்தது. வாயில் விரலை வைத்தேன். சோற்றுப் பானை மூடியைச் சற்றே நகர்த்தினால் வருமே, அந்த மாதிரி ஒரு சுடுமூச்சு. குழாய் மேலே கூரைக்கடியில் போய்த் திறக்கிறது. நண்பகலில் ஓட்டுக் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் மனிதன் பத்து நிமிடம் இருக்க முடியாது. கீழே அறைக் காற்றை ஃபேன் இழுக்க இழுக்க, அந்தச் சூடு குழாய் வழியாக இறங்கி, தெர்மோஸ்டாட்டின் முதுகில் ஊதுகிறது. அது பாவம், முதுகைத்தான் படிக்கிறது.

எங்கள் பையில் எப்போதும் புட்டி இருக்கும், சப்பாத்தி மாவு போலப் பிசையலாம், காயாது. எலுமிச்சை அளவு உருட்டி, வயர்களைச் சுற்றிக் குழாயின் வாயை அடைத்தேன். தகட்டை மாட்டி கரண்ட் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் எண் 29இலிருந்து இறங்கி 22க்கு வந்து, அன்று முதல் தடவையாகக் கம்ப்ரசர் நின்றது. அந்த அமைதியில் பக்கத்து அறையில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வது கேட்டது. ஒன்று எச்சரிக்கை: அமெரிக்க வீட்டுத் தெர்மோஸ்டாட்டில் பெரும்பாலும் 24 வோல்ட்தான் ஓடும். நம் ஊர் ஃபேன் கொயில் தெர்மோஸ்டாட்டில் வீட்டுக் கரண்டே ஓடும். இணையத்தில் வீடியோ பார்த்து ஸ்க்ரூடிரைவரை எடுக்காதீர்கள். லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள். புட்டியை அவர் கையில் நீங்களே கொடுங்கள்.

கல்யாண மண்டபங்களை இரண்டு வரியில் முடித்துவிடுகிறேன். ஒரு மண்டபத்தில் தெர்மோஸ்டாட் இருந்த சுவரோரமாகத்தான் சாப்பாட்டு மேசை போடுவார்கள், பாத்திரத்துக்கு அடியில் வரிசையாகத் தீக்குப்பி. மணவறையில் மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு விறைத்துக்கொண்டிருந்ததற்கு அதுதான் காரணம், கல்யாணப் பயம் அல்ல.

ரிமோட்டுக்குள்ளேயே சென்சர் வைத்து, நீங்கள் இருக்கும் இடத்தின் சூட்டை மெஷினுக்குச் சொல்லும் வசதி இப்போது பல பெட்டிகளில் வருகிறது. ‘ஃபாலோ மீ’, ‘ஐ ஃபீல்’ என்று பெயர்கள். என் தொழில் வாழ்க்கை முழுக்க நான் ஏங்கிய வசதி: தெர்மோஸ்டாட்டைத் தலையணை பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ரிமோட் தானாகவே பெட்டிக்குச் செய்தி அனுப்பும். பெட்டியைப் பார்த்தபடி இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நம் ஆட்கள் விடுவார்களா? ஓர் அண்ணன், ராத்திரி எங்கே தேடுவது என்று ரிமோட்டைப் போர்வைக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தூங்குவார். போர்வை விலகும்போதெல்லாம் அது அவர் உடம்புச் சூட்டை அறைச் சூடு என்று அனுப்பும். “புது ஏர்கோன் தம்பி, ஆனா விடிய விடிய ஐஸ் ஃபேக்டரி” என்றார். இன்னொரு வீட்டில் ரிமோட் டிவி டிக்கோடர் மேல். அந்தப் பெட்டி தொட்டாலே சுடும்.

18 வைத்தால் சீக்கிரம் குளிரும் என்ற நம்பிக்கையையும் விட்டுவிடச் சொல்கிறேன். பழைய சாதா மெஷினுக்கு 18உம் 24உம் ஒன்றுதான், ஓடும் அல்லது நிற்கும். 18 என்றால் நிற்காமல் ஓடும், அவ்வளவே. இன்வர்ட்டர் மெஷின், வைத்த எண்ணுக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று பார்த்து வேகத்தைக் கூட்டும் என்பது உண்மை. ஆனால் சூடான அறையில் 24க்கே அது முழு வேகத்தில்தான் தொடங்கும். டி.என்.பி. கரண்ட் பில் ஏறுவது அறை 24ஐத் தாண்டிய பிறகு நடக்கும் ஓட்டத்தில்.

மிளகுக்குத் தெரியாத ஒன்று ஈரம். கோலாலம்பூர்க் காற்றில் ஈரப்பதம் வருடம் முழுக்க 80 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. சின்ன அறைக்கு ‘சீக்கிரம் குளிரட்டும்’ என்று இரண்டு ஹெச்.பி. பெட்டி மாட்டினால், ஐந்து நிமிடத்தில் மணி குளிர்ந்து மெஷின் அடங்கிவிடும். காற்றிலிருந்து தண்ணீரைப் பிழிந்தெடுக்க நேரமே கிடைக்காது. அறை குளிராகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கும், அலமாரிக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சை ஏறும். பத்துக்குப் பத்து, பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு ஒரு ஹெச்.பி., அதாவது 9,000 பி.டி.யு., போதும். மேற்கு வெயில் விழும் அறைக்கு ஒன்றரை. பெரியது விற்றால் எனக்கு லாபம் அதிகம், இருந்தும் சொல்கிறேன்.

அந்த வாஸ்து அக்கா வீட்டில் கடைசியில் என்ன ஆனது என்றால், கட்டில் தெற்கே தலை, மேற்குச் சுவர் வெயில் சுவர், சாமி மேடை கூடத்தில். எல்லாம் சொன்னார். கிழக்குச் சுவரில், சீலிங்குக்குக் கீழே உள்ளங்கை இடம் விட்டு மாட்டினேன். பைப் எட்டடி கூடுதல், அதற்குக் காசும் வாங்கிக்கொண்டேன்.

உங்கள் வீட்டில் எப்படி என்று தெரிந்துகொள்ள என்னைக் கூப்பிட வேண்டாம். பத்துப் பதினைந்து வெள்ளிக்கு ஒரு தெர்மாமீட்டர் வாங்கி, இன்று இரவு தலையணை பக்கத்தில் வையுங்கள். ஏர்கோன் போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். ரிமோட்டில் உள்ள எண்ணுக்கும் அதற்கும் ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசம் இருந்தால் கவலை வேண்டாம். ஐந்து, ஆறு என்றால் ஃபில்டரைக் கழுவிவிட்டு மறுநாள் மீண்டும் பாருங்கள். அப்படியும் மாறாமல், ஆள் கூப்பிட்டு, வந்தவர் முகப்பைத் திறக்காமலே “கேஸ் முடிஞ்சிருச்சு” என்று சொன்னால், சென்சர் எங்கே இருக்கிறது, முதலில் அதைக் காட்டுங்கள் என்று கேளுங்கள்.